வேலைக்குப் போன தண்ணீர்

1998ஆம் ஆண்டு மாசி மாதத்தில், குடிபாலாவுக்குப் பக்கத்தில் ருக்மணியின் போர்வெல்லில் இருந்த தண்ணீர் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டது. பங்காருபாளையம் மாந்தோப்புகளில் அது நிற்கவில்லை. பலமனேர் போகும் ஏற்றத்தில் சாலையோரமாக மேல்நோக்கி ஓடி, முக்கிக்கொண்டிருந்த ஒரு தக்காளி லாரியை முந்தியதாக அதன் கிளீனர் சொன்னான். ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். தண்ணீர் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியிருந்தது, அவ்வளவுதான்.

ருக்மணியைப் பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் கூலி செய்தவர்கள். சர்க்கார் கொடுத்த சரிவான இரண்டு ஏக்கர்தான் அவள் சொந்தமென்று மிதித்த முதல் மண். அதில் அவள் கணவன் முனிகிருஷ்ணன் போர் போட்டுத் தக்காளி வைத்தான். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், ஊரைப் போலவே அவனும் மோட்டார் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வந்துவிடுவான். கரண்ட் வந்தபோதெல்லாம் மோட்டார் தானாக ஓடும். செடி குடித்தது போக மிச்சம் தார் ரோட்டை நனைக்கும். இலை வெளுத்தால் யூரியா, பிறகும் வெளுத்தால் இன்னும் கொஞ்சம் யூரியா. மண் வெள்ளை பூத்து அப்பளமாக இறுகியது.

தண்ணீர் போனதும், மேல்மண்ணைச் செங்கல் சூளைக்காரர் சிட்டிபாபுவுக்கு விற்றுவிட்டுத் தானும் பெங்களூருக்குப் போவதென்று முனிகிருஷ்ணன் முடிவு செய்தான். மண்ணை வெட்டினால் அடியில் வெறும் பாறை. ருக்மணி மறுபடியும் அடுத்தவர் கழனியில் குனிய வேண்டியதுதான். சூளை வேலை தையில்தான் தொடங்கும். அதுவரை அவனிடம் தவணை கேட்டுக்கொண்டு, தண்ணீரைத் தேடி அவள் பெங்களூர் பஸ் ஏறினாள்.

மாரத்தஹள்ளியில் பாதி எழும்பிய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் தண்ணீரைக் கண்டுபிடித்தாள். நாக்கில் வைத்ததும் தங்கள் பாறையின் துவர்ப்பு தெரிந்தது. கான்கிரீட் காய்ந்துவிடாமல் இருக்க அங்கே சின்னச் சின்னப் பாத்தி கட்டி, மேலே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன் அடி நிழலில் தண்ணீர் படுத்திருந்தது.

“நல்ல தண்ணிக்கா. வுட்ட எடத்துல கம்முனு கீது. எந்த ஊரு?” என்று கேட்டாள் அங்கே சித்தாளாக இருந்த காஞ்சனா.

“எங்க வூட்டுதுதான். அங்க ஒரு நாளு இப்டி படுத்தது இல்ல.”

ருக்மணி தனியாகத்தான் திரும்பினாள்.

“இன்னாமே, தண்ணி வரலியா? பஸ்ஸுல சீட்டு கெடைக்கலியாமா?” என்றான் முனிகிருஷ்ணன்.

“வந்தா எங்கய்யா படுக்கும்? ராவும் பகலும் ஓட வுட்டா நீ இருப்பியா?”

ஆட்டோ ஸ்டார்ட்டரை அவளே கழற்றிப் பரணில் போட்டாள். சித்திரை வெயிலில் ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்தாள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு கட்டி, வேர்க்கடலைத் தோலும் புங்கந்தழையும் கணுக்கால் புதையப் பரப்பினாள். வைகாசியில் கங்கம்மா ஜாத்திரைக் கூட்டத்தோடு பெங்களூர் பஸ்ஸிலிருந்து தண்ணீர் இறங்கியது. நேராக நிலத்துக்கு வந்து தழைக்கு அடியில் நுழைந்து படுத்தது. திங்கட்கிழமை விடியலில் வேலைக்குத் திரும்பியது. சனிக்கிழமை மறுபடி வந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஆடியில் நட்ட தக்காளி அந்த இரண்டு நாள் ஈரத்தை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கச் சமாளித்தது. மந்தை போட்ட எருவைத் தவிர ருக்மணி வேறு எதுவும் வைக்கவில்லை. தழைக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் தண்ணீரை எழுப்பமாட்டாள். “சீக்கு கோழி மாதிரி கீது உன் செடி,” என்று முனிகிருஷ்ணன் கிண்டல் செய்தான். காய் சிறுத்திருந்தது, ஆனால் பக்கத்துக் கழனிகள் சுருண்ட பிறகும் காய்த்துக்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் சிட்டிபாபு டிராக்டரோடு வந்தார். முனிகிருஷ்ணன் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தான். சிட்டிபாபு ஒரு கை மண்ணை அள்ளி நீர் விட்டுப் பிசைந்தார். அது ஒட்டாமல் உதிர்ந்தது. விரலிடுக்கில் மக்கிய கடலைத் தோலும் ஒரு மண்புழுவும் மிஞ்சின.

“மண்ண இன்னாமா பண்ணி வெச்ச? இதுல கல்லறுத்தா சூளையிலயே வெடிச்சுப்பூடும்,” என்று கையை உதறிவிட்டு டிராக்டரைப் பக்கத்து நிலத்துக்குத் திருப்பினார்.

அந்தச் சேதி பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பெங்களூர் பஸ் வந்து நின்றிருந்தது. ஏறப்போன முனிகிருஷ்ணன், இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினான். கடைசியாகத் தண்ணீர் இறங்கியது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஊருக்கு நடந்தான்.

“இன்னாபா, தண்ணி இன்னிக்கு சீக்கிரம் வந்துட்சி?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“சனிக்கெழம ஆச்சே,” என்றான் முனிகிருஷ்ணன். “ஆஃப் டே.”