தசரதன் கையில என் பிரஷரு

பயம் ஒடம்ப தின்னுமான்னு பார்க்க எங்க அம்பத்தூர் கம்பெனிக்கு ஒரு டாக்டரு வந்தாரு. எழுவத்திமூணாம் வருசம். நான் வேம்புலி, தகடு வெட்ற பிரஸ்ஸு ஓட்றவன். எப்ப வெரல் துண்டாவும்னு உசிர கையில புடிச்சிகினு நிக்கிற வேல. எங்க ஆளுங்க நாப்பது பேரு, பயமில்லாத பேக்கிங் ஆளுங்க நாப்பது பேரு, ரெண்டு கூட்டத்துக்கும் பிரஷர் பார்க்கணுமாம். மொதல்ல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லன்னுதான் வெச்சிப்பாராம். அது தப்புன்னு நம்பர் காட்டுனாத்தான் மாத்திப்பாராம். எதுவும் ஆபீசுக்குப் போவாதுன்னு அடிச்சி சொன்னாரு. எவன் நம்புவான்?

அடுத்த மாசம் என்ன பர்மனென்ட் பண்ற நேரம். பிரஷர் ஏறி இருந்தா ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்கன்னு ஷெட்டு பூரா பேச்சு. டாக்டரு பேரு கேக்கல, ஆளுக்கு ஒன்னு கம்பெனி குட்த்த பித்தள டோக்கன் நம்பரதான் எழுதிகினாரு. பேக்கிங்ல தசரதன்னு என் கூட்டாளி, எப்பவும் சிரிச்சிகினே கீறவன், டாக்டரு லிஸ்டுல இல்லாதவன். அவன் கிட்ட என் டோக்கன குட்த்து, எனக்கு பதிலா கைய நீட்டுடான்னு கெஞ்சினேன். சரி மச்சான்னு போனான்.

நாலாம் நாளு டாக்டரு என் நம்பர சொல்லி கூப்ட்டு அனுப்புனாரு. எம்பது மூஞ்சில எது ஞாபகம் இருக்கும் அவருக்கு? பிரஷர் நூத்தி தொண்ணூறு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, வுட்டா ஒரு நாளு நீ பொத்துனு வுழுந்துடுவன்னாரு. வுழப்போறது நான் இல்ல, தசரதன். சொன்னா என் வேல பூடும். சொல்லலன்னா அவன் பூடுவான். பாவி, வாசல் வரைக்கும் போயிட்டுதான் திரும்பினேன்.

"சார், அது என் கை இல்ல," ன்னேன்.

டாக்டரு தசரதன கூட்டியாரச் சொன்னாரு. ஆபீசுல மூச்சு வுடமாட்டேன்னு மறுபடியும் சொல்லிட்டு, அவன் கையில பட்டிய சுத்துனாரு. நூத்தி இருவத்தஞ்சி. நம்பாம இன்னொரு வாட்டி பார்த்தாரு, அதேதான். அன்னிக்கு இன்னாச்சுன்னு கேட்டாரு. தசரதன் தலைய குனிஞ்சிகினான்.

"மாட்டிகினா இவன் வேல பூடுமேன்னு பயந்துகினே குந்திகினு இருந்தேன் சார். எனக்குன்னு அவ்ளோ பயம் எப்பவும் வந்ததில்ல."

டாக்டரு தாள்ல என் நம்பருக்கு நேரா இருந்த நூத்தி தொண்ணூற கோடு கிழிச்சி அடிச்சாரு. என் பக்கம் திரும்பி, அப்போ ஒன்னோட பிரஷர் எவ்ளோன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி, என் கைய நீட்டச் சொன்னாரு. நீட்டுனேன். பட்டி இறுகுறப்போ தசரதன் என் தோள புடிச்சிகினான். பட்டிய வுட அவன் புடிதான் ஜாஸ்தி இறுகுச்சு.