கொஞ்சம் கோதுமை

கோதுமை தனக்கு ஆகாது, ஒரு துளி பட்டாலும் குடல் புண்ணாகிவிடும் என்று சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தபோதே தலைமையாசிரியை சொல்லியிருந்தார். வழிகாட்டியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். முதல் நாள் விடுதியில் சூப்பைக் குடித்தவர் விடியும்வரை வலியில் துடித்தார்.

காலையில் உணவுக்கூடத்தில் அவனை மடக்கினார்.

"சூப்புல கோதுமை மாவு கலந்தாங்களா?"

"கெட்டியாகறதுக்குக் கொஞ்சம்தாம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. வீட்டுல யாரையாச்சும் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

பக்கத்து மேசை அம்மாள், "பிள்ளைங்க கைவிட்டுட்டாங்க போல, பாவம்" என்று காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

தலைமையாசிரியைக்கு வயிற்றெரிச்சல் தலைக்கேறியது.

"என் ரெண்டு பிள்ளைங்களும் கூட வரேன்னுதான் நின்னாங்க. நான்தான் வேணாம்னேன். எங்க குடும்பத்தைப் பத்தி வார்த்தையை அளந்து பேசுங்க!"

அம்மாள் தட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

"சரிம்மா, பஸ் கிளம்பணும். ஏறுங்க" என்றான் வழிகாட்டி.

அவர் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குத் தனிப் பாத்திரத்துல சோறு வடிச்சுக் கொண்டு வரச் சொல்லு. சாப்பிட்டுட்டுத்தான் ஏறுவேன்."

"ஐயோ, லேட்டாகுமே! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"கொஞ்சம்தானேப்பா? அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு."

வெளியே ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்தார். தலைமையாசிரியை அசையவில்லை. ஒருவழியாகச் சோறு ஆவி பறக்க வந்தது. தலைமையாசிரியை கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்தப் பாத்திரத்துல கிடந்துச்சு?"

வழிகாட்டி கரண்டியை வாங்கிக்கொண்டு கழுவப் போனான்.