முப்பத்து மூன்று எட்டுகள்

ஐந்து மாதம் முழுக்க, எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அந்த நோயில் சாகவில்லை. அப்படி எழுதியவன் நான். சுகாதாரத் துறையில் தினசரி அறிக்கையை டைப் அடிக்கும் எழுத்தர். தினமும் ஒரே எண்ணைப் போட்டால் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று மேலிடத்திலேயே யோசித்து, ஒருநாள் ஏழு, ஒருநாள் பதினொன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்தான்.

காலை ஒன்பதரைக்கு போன் வரும். முதல் வாரம் இயக்குநர் பேசினார். அப்புறம் அமைச்சரே நேராகப் பேச ஆரம்பித்தார். அமைச்சர் நம் லைனில் வருகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் ஒரு எண்ணைச் சொல்லுவார். உடனே நான் மின்மயானத்துக்கு போன் போட்டு, இன்றைய பதிவேட்டில் இத்தனை வரிதான் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுவேன். மாலை ஆறு மணிக்கு அறிக்கை வெளியாகும்.

மயானத்தில் போனை எடுப்பவர் ரூல்ஸம்மா. உலைகளை இயக்குகிறவர். விதிப் புத்தகத்தில் இல்லாத எதையும் செய்யமாட்டார், இருக்கிற எதையும் விடமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். நான் முதல் தடவை சொன்னபோது, மிச்சம் பேரை என்ன செய்வது என்று கேட்டார். எப்படியாவது சமாளியுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதங்களில்தான் என் அத்தான் போனார். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து அதே லிஃப்டில் படுத்தபடி மூன்றாம் மாடிக்குப் போனார். படுக்கை எண் முப்பத்தொன்று. சான்றிதழில் நெஞ்சடைப்பு என்று போட்டுக் கொடுத்தார்கள். முகத்தைக்கூட அக்காவுக்குக் காட்டவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்த அறிக்கையை அக்கா கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அதில் எட்டு என்று இருந்தது. அந்த எட்டுப் பேரில் அத்தானும் ஒருவர்தானே என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு ஆமாமில்தான் அவள் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு விசாரணை ஆணையம் வந்தது. நகராட்சிக் கூடத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்கார்ந்தார். இறந்தவர்களின் உறவினர்கள் சுவரோரம் நின்றார்கள், அக்காவும் அவர்களோடு. மயானத்தின் பதிவேடுகளைக் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்று துறை பதில் எழுதியது. இரும்பு பீரோவைத் திறந்து, வேண்டிய பதிவேட்டை மட்டும் தேடித் தின்ற கரையான். அதில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டிருக்கும், மத்தியானத்துக்கு முன்பே கணக்கு நின்றுபோனது தெரிந்துவிடும்.

அமைச்சர் காலையில் சாட்சி சொன்னார். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர், கீழேயிருந்து வந்த கணக்கைத்தான் வெளியிட்டோம், ஏதோ ஒரு கிளார்க் தப்பாக அடித்திருக்கலாம் என்றார். தாழ்வாரத்தில் இயக்குநர் என் தோளில் கைபோட்டு, கூட்டலில் தவறு என்று ஒத்துக்கொண்டால் ஒரு இடமாற்றத்தோடு முடிந்துவிடும், மறுத்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம் என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆதாரம் என்று என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாம் போனிலேயே நடந்தது.

எனக்கு முன்னால் ரூல்ஸம்மாவைக் கூப்பிட்டார்கள். பதிவேடு இல்லாமல் இவரிடம் என்ன கேட்பது என்று அமைச்சரின் வக்கீல் சிரித்தார். ரூல்ஸம்மா கூண்டில் ஏறாமல் வாசலைக் காட்டினார். தள்ளுவண்டியில் பதினொரு சாக்கு மூட்டைகள் இருந்தன.

ஒவ்வொரு உடலோடும் ஒரு சுட்ட மண் வில்லை உலைக்குள் போக வேண்டும் என்பது விதி. பிஸ்கட் அளவில் இருக்கும், நெருப்பில் ஒன்றும் ஆகாது. முன்பக்கம் பதிவேட்டில் அன்றைய வரிசை எண்ணையும் பின்பக்கம் ஆஸ்பத்திரிப் படுக்கை எண்ணையும் ஆணியால் கீறியிருப்பார்கள். சாம்பலோடு அது குடும்பத்துக்குப் போகும். அந்த ஐந்து மாதம் குடும்பங்களை உள்ளே விடவில்லை. வாங்க ஆளில்லாத வில்லையைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அவரும் அப்படியே நாளுக்கொரு கம்பியில் கோத்து, தேதிச் சீட்டு கட்டி வைத்திருந்தார். உத்தரவு போட்ட ஒருவரும் உலைக்குப் பின்னால் போய் நின்றதில்லை. அப்படி ஒரு வில்லை இருப்பதே எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

மொத்தம் எத்தனை என்று நீதிபதி கேட்டார்.

"நான் எண்ணலைங்க. எண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு வரலை" என்றார் ரூல்ஸம்மா.

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தரையில் பரப்பி எண்ணச் சொன்னார்.

ஒரு நாளுக்கு ஒரு வரிசை, வரிசையின் தலைப்பில் அதன் தேதிச் சீட்டு என்று வைக்க ஆரம்பித்தோம். முதலில் ஊழியர்கள் நாலு பேர். பிறகு சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். வில்லை தரையில் படும் சத்தம் மட்டும் மழை பிடிக்கிற மாதிரி கேட்டது. நாற்காலிகளை வெளியே தூக்கினோம், மேசைகளை நகர்த்தினோம். சாப்பாட்டு வேளை போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. சுவர் முதல் சுவர் வரை நிரம்பி, தாழ்வாரத்துக்கு வழிந்து, படியில் இறங்கியது. ஆறாயிரத்து எண்பத்து மூன்று.

இருபது வருஷம் எண்களையே டைப் அடித்தவன் நான். ஆறாயிரம் என்பதற்கு நாலு தட்டு, வேலை முடிந்தது. அது இவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வில்லையும் விடாமல் காத்து வைத்திருந்த அந்த அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, ஆனால் கை வரவில்லை.

அக்கா அந்தத் தேதியின் வரிசையைத் தேடிப் பிடித்துவிட்டாள். மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, படுக்கை முப்பத்தொன்றை எடுத்தாள். முன்பக்கம் எட்டு. முகம் அப்படியே மலர்ந்தது. பர்ஸிலிருந்து பேப்பர் துண்டை எடுத்து, வில்லையை அதன்மேல் வைத்து எனக்குக் காட்டினாள். எட்டாவது ஆள் அவர்தான் என்று.

பிறகுதான் பக்கத்து வில்லையைப் பார்த்தாள். அதுவும் எட்டு. அதற்கு அடுத்ததும் எட்டு. அந்த வரிசையில் ஒன்று முதல் ஏழு வரை ஒழுங்காக இருந்தன. அதன்பிறகு முப்பத்து மூன்று எட்டுகள்.

"வரிசை எண் இல்லாம வில்லை உள்ள போகக்கூடாதுங்க. இந்த ஐயா ஆபீஸ்லருந்து எட்டு வரியோட நிறுத்தச் சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்தவங்களுக்கு நான் வேற என்ன எண் போடுறது?" என்றார் ரூல்ஸம்மா. என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை. கீழிருந்தே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, இதுல எந்த எட்டைடா நீ எழுதினே?"

கூடமே என்னைப் பார்த்தது. இயக்குநரும் பார்த்தார். கூட்டலில் தவறு என்ற வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

"எதையும் எழுதலைக்கா" என்றேன். "காலையில ஒன்பதரைக்கே எட்டுன்னு வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் அத்தான் செத்தாரு."

யாரிடமிருந்து வந்தது என்று நீதிபதி கேட்டார்.

"மந்திரிகிட்டேருந்துங்க ஐயா. 'இன்னைக்கு எட்டு போதும்'னு சொன்னாரு."

அக்கா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. அதற்கு நான் தகுதியானவன்தான்.

நீதிபதி அமைச்சரை மறுபடி கூண்டுக்கு வரச் சொன்னார். அமைச்சர் எழுந்தார். ஒரு அடி எடுத்து வைக்கப் போய் நின்றுவிட்டார். அவருடைய செருப்புக்கும் கூண்டுக்கும் நடுவே கால் வைக்கத் தரையே இல்லை. உதவியாளர் ஓடிவந்து காலால் ஒதுக்கப் பார்த்தார்.

"மிதிக்கக் கூடாதுங்க" என்றார் ரூல்ஸம்மா. "வழியில இருக்கிறதை ஐயாவே எடுத்துக்கிட்டு வரட்டும். எடுக்கும்போது படுக்கை எண்ணை வாய்விட்டுப் படிக்கணும். விதி."

நீதிபதி ஆட்சேபிக்கவில்லை. அமைச்சர் குனிந்து ஒன்றை எடுத்து, திருப்பி, உதட்டுக்குள் ஏதோ முனகினார்.

"கேட்கலைங்க" என்றார் ரூல்ஸம்மா.

"பதினேழு" என்றார் அமைச்சர்.

அந்த வரிசையின் தேதியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பெண், அது தன் அம்மா என்றாள். அமைச்சர் வில்லையை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். கூண்டுக்கு இன்னும் பத்தடி இருந்தது.