காலில் வராத ரத்தக்கட்டி

1.

இந்தக் கதை பெருமையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் அக்கா தபீதாள், இந்த 1960-ல் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்ன சங்கதி.

முதல் தொடக்கம்: சத்தியவேட்டு வானத்தில் மேகங்கள் கூடி... (விட்டுவிட்டேன். நடந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.)

இரண்டாவது: அடுப்புத் தீயில் வெந்து, தழும்பு இறுகித் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டுபோன சத்தியவேட்டு அலர்மேல்மங்கைக்குத் தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். "கழுத்து அசையக் கூடாது" என்றார் டாக்டர். புருஷன் கோவர்த்தனன் அவள் கால்களையும் சேர்த்துத் துண்டால் கட்டிலோடு கட்டிவிட்டான்.

(அவனை முரடனாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. முடிச்சு உறுத்தாமலிருக்க அடியில் பழைய புடவையை மடித்து வைத்தவனும் அவன்தான்.)

2.

அக்கா முடிச்சை அவிழ்த்தாள்.

"ஐயோ சிஸ்டரு, தோலு பிச்சிக்கினு பூடும்!"

"காலு சும்மா கெடந்தா உள்ளயே ரத்தம் ஒறஞ்சி பூடும்யா. அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிச்சின்னா ஆளே இல்ல."

"நவுரக் கூடாதுன்னு டாக்டரு..."

"கழுத்தத்தான் சொன்னாரு. கால ஆட்டச் சொன்னதும் அவருதான். ஒங்க சத்தியவேடே மதராஸ உட்டு ஆந்திராவுக்கு நவுந்துகினு போவுது, ஒம் பொஞ்சாதி காலு நவுரக் கூடாதா?"*

"சிரிக்க வெக்காத சிஸ்டரு," என்றாள் அலர்மேல்மங்கை, பல்லிடுக்கு வழியாக. "கழுத்து இழுக்குது."

பிறகு, பயந்துகொண்டே, பாதத்தை மேலும் கீழும் ஆட்டினாள்.

*மாநில எல்லை மாறி, சத்தியவேடு இந்த வருஷம் ஆந்திராவோடு சேர்கிறது. இந்த எல்லை விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.

3.

என் சிக்கல் இதுதான்: கட்டி வரவில்லை. வராத ஒன்றை எப்படி எழுதிக் காட்டுவது? அதனால் கதைக்கு ஒரு முடிவை நானே ஜோடித்துப் பார்த்தேன். அசையாமலே கிடந்த பக்கத்துக் கட்டில்காரி, திடீரென்று மூச்சடைத்து...

அக்கா படித்தாள். "ஏன்டா தேவா, நான் கெட்டிக்காரின்னு காட்ட ஒருத்திய சாவடிக்கிறியா?"

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

மிச்சமிருப்பது இவ்வளவுதான். அக்காவின் தோளைப் பிடித்தபடி, நிமிர்ந்த கழுத்தோடு ஒருத்தி வார்டின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பின்னால் கோவர்த்தனன், துண்டு இப்போது அவன் தோளில்.

வாசகரே, நீங்களும் வெகுநேரமாகக் காலை மடக்கியே உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து நாலடி போய் வாருங்கள். ஒன்றும் ஆகவில்லையா? அதுதான் முடிவு. அதன் கீழே என் அக்காவின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.