எதிர்முனைப் பிழை

...இல்லை, இது தானாக வருகிற பழுது இல்லை, தானாக வருவதென்றால் மழைக்கு வரும், இடிக்கு வரும், எலி கடித்தால் வரும், இப்படி நேரம் பார்த்து வராது, பத்தொன்பது நாளாக மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் வேளைக்கென்று சரியாக வருகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, அவள் முக்காலியை டெலிபோன் நிலையத்தின் கருவி ராக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பிழை எண்ணும் கவுண்ட்டரில் எண் ஏறிக்கொண்டிருந்தது, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, உள்ளே வருகிற சமிக்ஞையில் விதிமீறல், அதாவது மேலே மலையிலிருந்து வருவதில், அதாவது அவன் அனுப்புவதில். ஏசி மிஷின் உறுமிக்கொண்டிருந்தது, வேறு யாரும் அறையில் இல்லை, இருந்தால் மட்டும் என்ன, மலை ஆஸ்பத்திரிக்குப் போகிற போன் லிங்க்கில் எதிர்முனையைப் பார்த்துக்கொள்வது தன் வீட்டுக்காரரின் தம்பிதான், சொந்தக் கொழுந்தன்தான் என்று எடுத்துச் சொல்ல முடியுமா? சொன்னால் சிரிப்பார்கள், வீட்டுச் சண்டையைக் கம்பியில் ஏற்றிவிட்டாள் என்பார்கள்.

நாலு மணிக்குப் பெரிய அதிகாரி வருவார், கையில் அறிக்கை இருக்க வேண்டும், பாதி எழுதி மேசை மேல் வைத்திருக்கிறாள், "எதிர்முனையில் அமைப்பு மாற்றப்பட்டிருக்கக் கூடும்" என்ற வரியோடு பேனா நின்றுவிட்டது, அடுத்த வரியில் பெயர் வர வேண்டும். போன வியாழக்கிழமை மத்தியானம் மலைமேல் ஒரு தச்சர் சாரத்திலிருந்து விழுந்தார், அவர் மனைவி ஆஸ்பத்திரியின் அவசர எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்று தடவையும் பாதியில் அறுந்தது, கடைசியில் சரக்கு வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள், முக்கால் மணி நேரம் தாமதம், இன்னும் கண் திறக்கவில்லையாம்... அந்தப் பெண் யாரைக் கேட்பாள்? கம்பியையா? யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும், அந்த ஒருத்தர் அவனாக இருந்தால் என்ன, அவனாகத்தான் இருக்கும்.

காரணமா இல்லை? நிலையப் பொறுப்புக்கு இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டார்கள், இவளுக்குக் கிடைத்தது, அவனை மலைக்கு மாற்றினார்கள், அன்று வாசலில் நின்று, வாழ்த்துகள் அண்ணி என்றான், சிரித்துக்கொண்டே சொன்னான், அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. இவள் சும்மா இருந்தாளா? இனிமேல் வேலை விஷயமென்றால் அலுவலகத்துக்கு எழுது, வீட்டு விஷயமென்றால் உன் அண்ணனோடு பேசு, என்னோடு பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னது சரிதானே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், அன்பு இருந்தால்தானே பேச்சில் வரும். அதற்கப்புறம் அவன் வீட்டுப் பக்கம் வரவேயில்லை, வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோதுகூட இவள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். இப்போது தினமும் அண்ணனும் தம்பியும் போனில் பேசுகிறார்கள், இவள் கூடத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர் குரலை இறக்குவார், சரி அப்புறம் பேசலாம் என்பார், என்ன பேசினீர்கள் என்றால், சும்மாதான் என்பார். எது சும்மா? இரண்டு பேர் பதினைந்து நிமிடம் குசுகுசுத்துப் பேசுவதற்குப் பெயர் சும்மாவா?

மாற்றல் ஆறு மாதம் இழுத்தடித்து அவன் மலையில் பொறுப்பேற்றது ஒரு திங்கட்கிழமை, பழுது தொடங்கியதும் அன்றுதான், இதைவிட வேறென்ன வேண்டும். விஷயம் தெரியாதவனா அவன், இவளோடு ஒரே பயிற்சியில் உட்கார்ந்து படித்தவன்தானே. பேச்சை ஒன்றும் பூஜ்யமுமாகக் கம்பியில் அனுப்பும் பழைய முறையில், ஏஎம்ஐயில், ஒன்று வந்தால் கம்பியில் ஒரு துடிப்பு, ஒரு துடிப்பு மேலே என்றால் அடுத்தது கீழே, பூஜ்யம் வந்தால் ஒன்றுமே கிடையாது, வெறும் அமைதி, யாரும் பேசாத நேரத்தில் பூஜ்யமாகவே ஓடும், கேட்கிற முனைக்குத் தாளம் பிடிக்க ஒரு துடிப்பும் இருக்காது, எத்தனை பூஜ்யம் போனது என்று கணக்குத் தவறி லிங்க் விழுந்துவிடும். அதற்காகத்தான் ஹெச்டிபி த்ரீ வந்தது, சேர்ந்தாற்போல் நாலு பூஜ்யம் வந்தால் அந்த இடத்தில், மேலே வந்த பிறகு மறுபடியும் மேலேயே ஒரு துடிப்பு, வேண்டுமென்றே ஒரு மீறல், அதைப் பார்த்ததும் இது நாலு பூஜ்யம் என்று கேட்கிறவன் புரிந்துகொள்வான், இரண்டு முனையும் பேசிவைத்துச் செய்கிற தப்பு. இந்த நிலையத்தில் பத்து வருடமாக எல்லா லிங்க்கும் அதில்தான் ஓடுகிறது, அவன் தன் பக்கத்து ராக்கில் செருகியிருக்கும் கார்டில் ஒரு சின்ன ஸ்விட்சை நகர்த்திப் பழையதற்கு மாற்றிவிட்டால் போதும், பேச்சு ஓடும்போது தெரியாது, ஊர் அடங்கினால் விழும், பழி தலைமை நிலையத்துக்கு, இவள் தலைக்கு... அறுபத்திரண்டு, எழுபது, பார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது, கையும் களவுமாகப் பிடிப்பதென்றால் இதுதான்.

மணி மூன்று அடித்துப் பத்து நிமிடம் ஆனபோது செல்போனை எடுத்தாள், ஏழு மாதத்துக்கு அப்புறம் அந்த எண், விரல் கொஞ்சம் தயங்கியது, குற்றவாளி அவன், நான் ஏன் தயங்க வேண்டும்? முதல் மணியிலேயே எடுத்தான், அவன் பேசுவதற்குள் இவள் கேட்டாள், "உன் கார்டை எதுல வச்சிருக்க?"

"ஹெச்டிபி த்ரீலதான் அண்ணி."

"பொய் சொல்லாதே. என் கவுண்ட்டர்ல உன் பக்கத்து மீறல் ஏறிக்கிட்டே இருக்கு."

இனி கதை ஜோடிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் கவனமாக, சொன்னான். "நான் பழசுல இருந்தா உங்களுக்கு மீறலே காட்டாதே அண்ணி. நான் சரியா செருகி அனுப்புறதைத்தான் உங்க கார்டு தப்புன்னு எண்ணுது. அதுக்கு அந்த முறை தெரியலை."

அவளுக்குக் காது சூடாகியது, தெரியாதா இது, பத்துப் பேருக்கு வகுப்பெடுத்தவளுக்கு இது தெரியாதா, எண் ஏறியதைப் பார்த்தாள், எதை எண்ணி ஏறுகிறது என்று பார்க்கவில்லையே. போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு ராக்கின் கதவைத் திறந்தாள், மலை லிங்க்கின் கார்டை இழுத்தாள், ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளை ஸ்விட்ச், கீழே தள்ளியிருந்தது, ஏஎம்ஐ. புதுக் கார்டு, பெட்டியிலிருந்து வரும்போது அப்படித்தான் வரும், மாற்றித்தான் போட வேண்டும், யார் போட்டது என்று குறிப்பேட்டைப் பார்க்கத் தேவையில்லை, சனிக்கிழமை சாயங்காலம், பழையது எரிந்துபோய், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், இவள்தான் போட்டாள். அவன் வந்த திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாளே, அதற்கு இரண்டு நாள் முந்தி ஒரு சனிக்கிழமை இருந்ததை, நடுவில் ஞாயிறு விடுமுறையில் யாரும் கவுண்ட்டரைப் பார்க்காததை ஏன் எண்ணவில்லை... ஸ்விட்சை மேலே தள்ளிக் கார்டைச் செருகினாள், சிவப்பு விளக்கு அணைந்தது, கவுண்ட்டர் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றது, ஒரு நிமிடம், மூன்று நிமிடம், அசையவில்லை. அந்தத் தச்சரின் மனைவி மூன்று தடவை கூப்பிட்டது இந்தக் கார்டு வழியாகத்தான்.

போனை நிமிர்த்தினாள், அவன் வைக்காமல் காத்திருந்தான். "இங்கே இப்ப நல்லாயிருக்கு அண்ணி," என்றான். தெரிந்திருந்தால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள், குரல் இன்னும் அதட்டலாகத்தான் வந்தது, எனக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா என்றும் கேட்டாள். இரண்டு தடவை நிலையத்துக்குப் போன் செய்ததாகவும் மேடம் வேலையாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டதாகவும் அவன் சொன்னான், அது உண்மை, அவன் கூப்பிட்டால் அப்படிச் சொல்லும்படி சொல்லிவைத்தவள் அவள்தான். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

"அண்ணன்கிட்ட சொன்னேனே. தச்சர் விழுறதுக்கு முந்தின வாரமே. கார்டைப் பாக்கச் சொல்லுன்னு. தினமும் கேட்டேன், சொல்லிட்டியா, சொல்லிட்டியான்னு. அவர் சொல்லலையா?"

சொல்லலையா... சொன்னார் என்றாள் அவள், ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வைத்துவிட்டாள். அப்படியானால் அவருக்குத் தெரியும். முதுகில் பட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சாய்வு நாற்காலியில் இருக்கிறாரே, இரவு இவள் மலை லிங்க்கைப் பற்றி, அவன் செய்கிற அக்கிரமத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாரே, அவருக்குத் தெரியும். பிறகு ஏன் சொல்லவில்லை? தம்பியின் மேல் கோபமா, மனைவி விழட்டும் என்றா, யாருக்கு எதிராக யார், ஒரு வார்த்தை, கார்டைப் பார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர்... அறிக்கையைக் கிழித்தாள், புதுத் தாளில் முதல் வரியில் தன் பெயரையும் பதவியையும் எழுதினாள், இரண்டாம் வரியில் அந்தச் சனிக்கிழமையின் தேதி. அதிகாரி வர இன்னும் அரை மணி, அதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும், நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று வீட்டு எண்ணை அழுத்தினாள், கேள்வியைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

மணி ஐந்தாறு தடவை அடித்த பிறகு எடுத்தார், அலுவலக நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை, அதனால் பதறி நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருப்பார், மூச்சு வாங்கியது. ஹலோ சொல்வதற்கு முன்னால், இவள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், "நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார்.

எப்போதும் அப்படித்தான் தொடங்குவார், பத்தொன்பது வருடமாக, அவள் அதை வேடிக்கை என்று நினைத்திருந்தாள், தோழிகளிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், எங்கள் வீட்டுக்காரர் போனை எடுப்பதே அப்படித்தான் என்று, இந்தக் குரலா உன் கார்டைப் பார் என்று அவளிடம் சொல்லியிருக்கும்... போனில் அவர் காத்திருப்பது கேட்டது. தயாராக வைத்திருந்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் எந்தக் குரலில் கேட்டால் அது கேள்வியாக மட்டும் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.