திருப்பிச் செருக முடியாத சாக்கெட்

என் தம்பி ஒரு சோம்பேறி. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டுவேன். அவன் வீட்டிலேயே செய்த அழைப்பு மணியின் சர்க்யூட் போர்டைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். மின்சாரம் வரும் இடத்தில் வெறும் இரண்டு பின். எந்தப் பக்கம் திருப்பினாலும் செருகலாம். மாற்றிச் செருகினால் சிப் கருகிவிடும்.

அந்தச் சிப்பில்தான் அவன் குரல் இருக்கிறது. மணியை அழுத்தினால், "யாரு? இருங்க, வரேன்" என்பான். வேறு எதிலும் அவன் பேச்சுப் பதிவாகவில்லை. அவன் போன பிறகு அம்மா தானே வெளியே போய் மணியை அழுத்திவிட்டு, கதவருகே நிற்பாள். போன வாரம் அதுவும் ஊமையாகிவிட்டது. அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குப் போனேன்.

"திருப்பிச் செருக முடியாத மாதிரி ஒண்ணு குடுங்க. ஆடவே கூடாது."

"பூட்டு வச்சதே இருக்கு. செத்தாலும் கழலாது," என்றார் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டேன்.

பழைய பின்னைப் பிடுங்கிப் புதிய சாக்கெட்டைப் பற்றவைத்தேன். பிளஸ் எது, மைனஸ் எது என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒயரைச் செருகியதும் டக்கென்று பூட்டிக்கொண்டது. அம்மா வாசலுக்குப் போய் மணியை அழுத்தினாள்.

"யாரு? இருங்க, வரேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. ஸ்பீக்கருக்குள், எங்கோ சமையலறைப் பக்கமிருந்து, அம்மாவே கத்தினாள்: "யாருடா வந்திருக்கறது?"

"யாரும் இல்லம்மா," என்றான் தம்பி.

அவன் பதிவு செய்த அன்று அம்மா கேட்டது, அவன் சொன்ன பதில் எல்லாம் இத்தனை நாளும் சிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மாவின் உரத்த குரலுக்கு மின்சாரம் கொடுக்க மாட்டாமல், ஆடிக்கொண்டிருந்த அந்தப் பழைய பின் ஒவ்வொரு முறையும் அதற்குமுன்பே கைவிட்டிருக்கிறது.

அம்மா இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். யாரும் இல்லை என்றே சொன்னான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, வரேன்னு சொன்னதோட நின்னுடற மாதிரி ஒரு சாக்கெட் கிடைக்குமா?"

சாக்கெட் விஷயத்தில் யாருக்கும் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் உதிரிச் சாமான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, இருப்பதிலேயே தளர்ந்துபோன ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். அம்மாவும் கூட உட்கார்ந்து தேடினாள்.