பரவாயில்ல என்று யாரும் சொல்லக் கூடாது

குவென்டா வைத்தது ஒரே ஒரு விதிதான். அதை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி, சேப்பல் என்கிற சிறு தேவாலயத்தின் பின்கூடத்தில் தேநீர்ப் பாத்திரத்துக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருந்தாள்: ‘பரவாயில்ல என்று யாரும் சொல்லக் கூடாது.’ எழுதியது தங்கை மென்னா. குவென்டா பேனா பிடித்து நாலு வருஷம் ஆகிறது. மூட்டுவாதம் முற்றி அவள் விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன.

“இன்னிக்கு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை லண்டன்ல ஓட்டெடுப்பு. நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டு போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையாம். ஜனங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவாராம். வராரு, கேப்பாரு. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லுங்க. புரியுதா?”

குவென்டா சொல்லி முடித்ததும் கூடியிருந்த பதினோரு பேரும் தலையாட்டினார்கள். உண்மையில், ஊரில் உடம்பு முடியாதவர்களாகப் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தாள். எதிர்வீட்டு ட்ரெவர் மட்டும், “எனக்கென்ன குறை? நான் எதுக்கு வரணும்?” என்று கதவைச் சாத்திக்கொண்டான். முதுகெலும்பில் இரண்டு இரும்புத் தண்டு வைத்திருக்கிறவன் பேசுகிற பேச்சு அது.

“எல்வினண்ணே, உங்கள்ட்டேருந்து ஆரம்பிக்கலாம். நான்தான் எம்.பி. சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?”

எல்வினின் நுரையீரல் எப்போதோ பழுதாகிவிட்டது. சக்கரம் வைத்த பிராணவாயு சிலிண்டர் இல்லாமல் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடியாது. மனுஷன் மூக்கில் குழாயோடு, முகமெல்லாம் மலர்ந்து, “பரவாயில்ல குவென்டா. நீ எப்படி இருக்கே?” என்றார்.

குவென்டா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அடித்தால் கைதான் வலிக்கும் என்று இறக்கிக்கொண்டாள்.

இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். சனங்கள் சாகக் கிடந்தாலும் ‘ஏதோ ஓடுது’ என்றுதான் சொல்வார்கள் என்பது தெரியாதவள் அல்ல. சாதாரண நாளில் அதைப் பெருமையாகக்கூட நினைத்திருப்பாள். ஆனால் இன்று எரிச்சலாக வந்தது.

கணக்கு இதுதான். உடம்பு முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை கிடைக்க எட்டுப் புள்ளி வேண்டும். சமைக்க எவ்வளவு கஷ்டம், குளிக்க எவ்வளவு, உடுத்த எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுப் புள்ளி போடுவார்கள். குவென்டாவுக்கு நாலு இடத்தில் இரண்டிரண்டு, ஆக எட்டு. இதுவரை அது போதும். செவ்வாய்க்கிழமை ஓட்டுக்கு வரும் புதுச் சட்டம் நிறைவேறினால் எங்காவது ஒரே இடத்தில் நாலு இருந்தாக வேண்டும். இரண்டுகளாகப் பத்து இடத்தில் வைத்திருந்தாலும் ஒன்றும் கிடையாது. அவள் தொகை நின்றால், அவளைப் பார்த்துக்கொள்வதற்காக மென்னா வாங்கும் தொகையும் நிற்கும். மென்னா பழையபடி காலை ஐந்தரை பஸ்ஸுக்குக் கிடங்கு வேலைக்கு ஓட வேண்டும். அப்புறம் குவென்டாவுக்குக் காலுறை மாட்டுவது யார், ரொட்டியை நறுக்குவது யார்?

பத்தரைக்கு எம்.பி. ப்ரோதரோ வந்தார். நாற்பது வயதுக்காரர், மழையில் நனைந்திருந்தார், நல்ல மாதிரியாகவும் தெரிந்தார். அதுதான் வம்பு. நல்ல மாதிரி ஆளைப் பார்த்தால் இவர்களுக்கு இன்னும் வாய் வராது.

“அடடா, நனைஞ்சுட்டீங்களே!” என்று, கோட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டுப் பெரில் எழுந்தாள். கேக் கூடாது, வெறும் தேநீர்தான் என்று குவென்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெரில் பையிலிருந்து ஒரு டப்பா நிறைய வெல்ஷ் கேக்கை எடுத்தாள். விடிய எழுந்து சுட்டதாம், இன்னும் சூடு ஆறவில்லை. பெரிலுக்கு இரண்டு கண்ணிலும் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். கோப்பைக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினாள். சூடு விரல் நுனியைத் தொட்டதும் நிறுத்தினாள்.

“சுடலையா?” என்றார் ப்ரோதரோ.

“அதெல்லாம் பழகிடுச்சு சார். சாப்பிடுங்க, சாப்பிடுங்க.”

அவர் ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். எல்வினிடம் வந்து, “எப்படி இருக்கீங்க?” என்றார்.

எல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார். குவென்டா அவரையே பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். சிலிண்டரைக் காணோம். மனுஷன் குழாயைக் கழற்றி, சிலிண்டரை நாற்காலிக்குப் பின்னால் தள்ளி, மேலே தன் மழைக்கோட்டைப் போர்த்தி வைத்திருந்தார்!

“பரவாயில்லைங்க சார்,” என்றார் எல்வின், மூச்சுக்கு நடுவே. “இந்த... மழைதான்... விட மாட்டேங்குது.”

அடுத்தவர் ‘குறை சொல்றதுக்கில்ல’ என்றார். அதற்கடுத்தவள், என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றாள். கண் தெரிந்தவர்கள் அட்டையை ஒரு தரம் பார்த்தார்கள், எம்.பி.யின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள், பிறகு பதினோரு பேரும் பொய் சொன்னார்கள். நேற்றுவரை இதே கூடத்தில் அரசாங்கத்தை வாய் கிழியத் திட்டியவர்கள்!

ப்ரோதரோ மூன்றாவது கேக்கைத் தின்று முடித்து எழுந்தார். “உண்மையைச் சொல்றேன், பயந்துக்கிட்டேதான் வந்தேன். உங்க மன உறுதியைப் பாத்து மனசு நெறைஞ்சு போச்சு. இங்க எல்லாரும் எவ்வளவு அழகா சமாளிக்கிறீங்கன்னு லண்டன்ல போய்ச் சொல்றேன்.”

“ஐயய்யோ!” என்றாள் குவென்டா. அவளையும் மீறி வந்துவிட்டது. “போய் அப்படி மட்டும் சொல்லித் தொலைச்சிராதீங்க சார்! இவங்க ஒருத்தர்கூட உண்மை பேசல. எல்வினண்ணே, அந்தக் கோட்டுக்குக் கீழ என்ன இருக்கு, கோழியா? பெரில், உன் விரல் கொப்புளத்தைக் காட்டு. வெக்கமா இல்ல உங்களுக்கு? சோத்துல மண்ணு விழப்போகுது, உபசாரம் வேண்டிக்கிடக்கு! ஏன் எல்லாரும் இப்படிப் பொய் சொல்றீங்க?”

மூலையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மென்னா திரும்பினாள்.

“நீ மட்டும் என்ன பண்ணே அக்கா?”

“நான் என்னடி பண்ணேன்?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உன்னைச் சோதிச்சுப் புள்ளி போட ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்தாளே, அன்னிக்கு. விருந்தாளி வராங்கன்னு இந்தக் கம்பளிக் கார்டிகனைத்தான் போட்டுக்கிட்டே. ஆறு பட்டனையும் நான்தான் போட்டு விட்டேன். அவ கேட்டா, சட்டையெல்லாம் யாரு போட்டு விடறாங்கன்னு. நீ என்ன சொன்னே? ‘பட்டன் மாட்டற கொக்கி ஒண்ணு இருக்கு, நானே சமாளிச்சுக்குவேன்’னே. அந்தக் கொக்கியை உன்னால பிடிக்கவே முடியாது. மேசை டிராயர்ல கிடக்கு. உண்மையைச் சொல்லியிருந்தா உடுத்தற இடத்துல நாலு வந்திருக்கும். கொக்கின்னு சொன்னதுக்கு ரெண்டு போட்டா. நான் பக்கத்துல நின்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இந்த ஊர்ல அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டோமே!”

குவென்டாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. அந்தப் பெண் சின்னவள், ஜலதோஷம் பிடித்திருந்தது, பாவமாக இருந்தது. அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதுதான் குவென்டாவுக்கு இப்போது தாங்கவில்லை.

ப்ரோதரோவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. “அப்படின்னா சுலபம்தானே? திரும்ப மனு போடுங்க. சரியா சொன்னா உங்களுக்கு நாலு வந்துரும். புதுச் சட்டம் உங்களை ஒண்ணும் பண்ணாது.”

“மனு போட்டா முதல்லேருந்து எல்லாத்தையும் கிண்டுவாங்க சார். இருக்கிற எட்டும் போனாலும் போகும். சரி, எனக்கு நாலே வந்துருதுன்னு வச்சுக்குவோம். பெரிலுக்கு? அவளுக்கு நெஜமாவே எல்லாம் ரெண்டுதான். அஞ்சு இடத்துல ரெண்டு. அவ என்ன பண்ணுவா, இன்னொரு கையையும் கொதிக்கிற தண்ணியில விடுவாளா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடச் சந்தையைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்.

“மென்னா, இங்க வா. அவுத்து விடு,” என்றாள் குவென்டா.

“எதை?”

“கார்டிகனை. எல்லாப் பட்டனையும்.” மென்னா கழற்றினாள். குவென்டா அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். “சார், உக்காருங்க. நான் இதைப் போட்டு முடிக்கிறேன். முடிச்சதும் நீங்க போகலாம்.”

அவர் உட்கார்ந்தார். இவ்வளவு பேர் முன்னால் வேறென்ன செய்வார்?

முதல் பொத்தான் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிக்கவே நேரம் பிடித்தது. சிக்கியதும் நழுவியது. வலி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏறியது. அதைவிட, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் பிடுங்கித் தின்றது. மென்னாவைத் தவிர ஒருத்தர் கண்ணிலும் அவள் இதைக் காட்டியதில்லை. கட்டிக்கொண்டவன் உயிரோடு இருந்தபோது அவனிடம்கூட மறைத்தாள். ஆறு நிமிஷத்தில் ஒரு பொத்தான் ஏறியது. இரண்டாவதில் ப்ரோதரோ பொறுக்க மாட்டாமல் எழுந்து கையை நீட்டினார்.

“தொடாதீங்க,” என்றாள். “பாருங்க.”

அவர் பார்த்தார். மூன்றாவது பொத்தானின்போது எல்வின் குனிந்து, மழைக்கோட்டை இழுத்துப் போட்டுவிட்டு, சிலிண்டரை முன்னால் உருட்டிக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டார். அது புஸ் புஸ் என்றது கூடம் முழுக்கக் கேட்டது. நாலாவதற்கு விரல் வரவில்லை. குவென்டா இரண்டு தரம் முயன்றாள். பிறகு கையை மடியில் வைத்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“எத்தனை?” என்றாள்.

“மூணு,” என்றார் ப்ரோதரோ.

“எவ்வளவு நேரம்?”

“இருபத்தி ரெண்டு நிமிஷம்.” கொஞ்சம் தயங்கினார். “என்னால வாக்கு கொடுக்க முடியாதும்மா. கட்சின்னு ஒண்ணு இருக்கு...”

“வாக்கு யாரு கேட்டா? செவ்வாய்க்கிழமை ஓட்டு போடறதுக்கு முன்னாடி இதை அங்க எழுந்து நின்னு சொல்லுங்க. மூணு பட்டன், இருபத்திரெண்டு நிமிஷம். அழகா சமாளிக்கிறாங்கன்னு சொல்லாதீங்க. அது போதும்.”

அவர் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். எல்வினுக்குக் கை கொடுத்தபோது இந்தத் தடவை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மழையில் ஓடிப்போய்க் காரில் ஏறினார். சொல்வாரோ, காருக்குள்ளேயே மறந்துவிடுவாரோ, யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் போகும்போது மென்னா மீதிப் பொத்தானைப் போட வந்தாள். “விடு, கிடக்கட்டும்,” என்றாள் குவென்டா. “உனக்கு எம்மேல கோவமா?”

“ரெண்டு வருஷமா,” என்றாள் மென்னா, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே.

தெரு திரும்பியதும் ட்ரெவர் தென்பட்டான். ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குப்பைத் தொட்டியை வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் நேராக நிமிர்ந்து நிற்கப் பார்த்தான்.

“என்ன குவென்டா, எப்படி இருக்கே?”

அவள் வாய் தன்பாட்டுக்கு ‘பர’ வரைக்கும் போய்விட்டது. அப்படியே விழுங்கினாள்.

“மோசமா இருக்கேன் ட்ரெவர். ரொம்ப மோசம்.”

சேப்பலில் நின்று கெட்ட வார்த்தை சொன்னது போல ட்ரெவர் விழித்தான். தெருவில் இருபுறமும் பார்த்தான். பிறகு தொட்டியின் பிடியை விட்டுவிட்டு மதில்மேல் சாய்ந்தான்.

“நானும்தான்,” என்றான்.